பத்து மணி வாளியில் விழுந்த நாலாம் இலக்கம்

ஸ்டூடியோச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய அட்டையைக் கழற்றிவிடலாமா என்று நேற்று நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டீர்கள். "முதலில் பெயரைச் சொல், பிறகு போடு" என்று மார்க்கர் பேனாவில் எழுதிய அட்டை. பாட்டும் பாடியவர் பெயரும் இப்போது போனிலேயே தெரிந்துவிடுகிறது, அதைச் சொல்லி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்டார். யார் என்று எழுதமாட்டேன், அவருக்கே தெரியும். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அந்த அட்டைக்குப் பதில் சொல்ல ஒரு முழு முற்பகலைச் சொல்ல வேண்டும், அதனால் எழுதியே தருகிறேன். வாசித்த பிறகும் கழற்றத்தான் வேண்டும் என்றால் தாராளமாகக் கழற்றுங்கள்.

முதலில் என் பெருமை. இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன் நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கச் சமாளிக்கிற வேலை. ரேடியோவுக்கு ஆள் தேடியபோது, புஷ்பா கத்தினால் மைக் இல்லாமலேயே யட்டியாந்தோட்டை வரைக்கும் கேட்கும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். நிலையம் அப்போதும் இதே பழைய அரிசிக் காம்பராதான். எதிரொலியை அடக்கச் சுவரெல்லாம் கழிவு ரப்பர் ஷீட்டை அடித்திருந்தோம். வெயில் ஏறினால் வாசம் தாங்காது. பேட்டி கொடுக்க வந்த பெரிய மனிதர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டே நாட்டு முன்னேற்றத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

என் நிகழ்ச்சிக்குப் பெயர் 'பத்து மணி வாளி'. விடியலில் ரப்பர் மரத்தைக் கீறிவிட்டுப் போனவர்கள், பத்து மணிக்குத்தான் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றத் தொடங்குவார்கள். எந்த மரத்துப் பாலும் ஒரே வாளியில்தான் விழும். பாட்டையும் அப்படித்தான் ஊற்றினேன். பைலாப் பாட்டுக்குப் பின்னால் நாதஸ்வரம், அதற்குப் பின்னால் சிங்களக் கிராமத்துப் பெண்கள் ரபான் மேளம் அடிக்கும் சத்தம், அதற்கும் பின்னால் ஆபிரிக்காவின் பித்தளைக் குழல். தொண்டைக்குள் இரண்டு குரலை வைத்துப் பாடும் மொங்கோலிய ஆட்களைப் போட்ட அன்று, ஃபெக்டரியில் பெல்ட் அறுந்துவிட்டதா என்று கேட்டு மூன்று பேர் போன் பண்ணினார்கள். ஸ்கொட்லாந்துக் காற்றுப்பையைப் போட்ட அன்று ஒரு அம்மா, அந்த ஆட்டை யார் மிதிக்கிறார்கள் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டார்.

விளையாட்டே அதுதான். பெயரைச் சொல்லாமல் போடுவேன். அது என்ன, எந்த ஊர் என்று கேட்பவர்கள் போனில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அவர் கேட்ட பாட்டு. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஓர் அம்மா, தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்று சொன்னவர், கேட்பவரை இருட்டில் நிற்க வைக்காதே என்று எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். நானும் நூறு தரம் தலையாட்டினேன். மலையெல்லாம் என் நிகழ்ச்சிதான் கேட்கிறது என்ற மிதப்பில் இருப்பவளுக்கு யார் சொன்னால் என்ன.

இப்போது பெருமாள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், விரலை நீட்டாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். நம் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர், கல்யாணம் கருமாதி எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர், எல்லாவற்றுக்கும் மேலே தப்பு மேளம் அடிப்பதில் மேல் டிவிசனுக்கே பெரிய கை. கீழ் டிவிசனிலும் தப்பு அடிக்கிறவர்கள் உண்டு. தலைவரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடக் கூடாது.

நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்ள, அவருக்குத் தெரிந்த அடிகளையெல்லாம் அடித்துத் தரும்படி கேட்டேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து மூன்று அடித்தார். முதலாவது, ஆட்களைக் கூட்டுகிற அடி. இரண்டாவது கல்யாண அடி. மூன்றாவது சாமி புறப்படுகிற அடி. பிறகு தப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நாலாவதைக் கூரைக்குக் கீழே அடிக்கக் கூடாது என்று சொல்லி எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். அது சாவு அடி. ஒலிப்பதிவு செய்தவர் ஃபாரூக். யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் தம்பி, என்னோடு கடைசி வரை கன்சோலில் உட்கார்ந்தவர். தலைவர் அடித்து முடித்து ஆற்றில் கை கால் கழுவிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இது எனக்கு. நான் போற அன்னிக்கு இதத்தான் போடணும். கீழ் டிவிசன்காரனுங்க வந்து அடிச்சா எனக்கு ஆகாது. அவனுங்க அவசரக்காரனுங்க" என்றார்.

தன் சாவுக்குத் தானே அடித்து வைக்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரைக்கும் யார் காதிலும் அது விழக்கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஃபாரூக் நாலு பதிவையும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கம் மட்டும் போட்டுக் கணினியில் வைத்தார்.

சில மாதம் போயிற்று. ஒருநாள் பின்னேரம் தலைவருக்கு நெஞ்சு வலி. தோட்டத்து வேனில் ஏற்றி கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவியும் கூடப் போனார். மகள் மல்லிகா மட்டும் வீட்டில். மறுநாள் காலை அவளும் எல்லோரையும் போல் பால் வெட்டப் போனாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அன்று பத்து மணிக்கு வாளியைத் திறந்தேன். தலைவர் குணமாகி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, அவருடைய சாமி புறப்பாட்டு அடியையே போடுவோம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்போதுதான் எனக்குக் கண்ணாடி போட வேண்டிய வயது வந்திருந்தது, கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று நான் போடுவதில்லை. ரேடியோவில் முகம் எங்கே தெரியப்போகிறது என்று ஃபாரூக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இலக்கத்தைத் தட்டினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர்ப் பீலியில் டீக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். ஃபாரூக் வெளியே ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஸ்பீக்கர் கிடையாது. மலை முழுக்கக் கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அடி முடிந்திருந்தது. போன் அடிக்கவில்லை. வழக்கமாக முதல் நிமிடத்திலேயே நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். இவர்களுக்குத் தம் தலைவரின் கையே தெரியவில்லையே என்று எனக்கு ஒரே குஷி. பித்தளைக் குழலைப் போட்டேன், ஒருவரும் போன் பண்ணவில்லை. காற்றுப்பையைப் போட்டேன், அதற்கும் சத்தமில்லை. இன்று மலையையே மடக்கிவிட்டேன் என்று ஃபாரூக்கிடம் பீற்றிக்கொண்டேன். மடச்சி என்று என்னை நானே சொல்லிக்கொள்ள இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

முதலில் வந்த அழைப்பு ஃபாரூக்கின் அண்ணனிடமிருந்து, அதுவும் ஃபாரூக்கின் சொந்தப் போனுக்கு. சாவுக் கொடி கட்ட வாங்கியே கடையில் இருந்த வெள்ளைத் துணி முழுக்கப் போய்விட்டதாம். பெருமாள் தலைவர் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். பக்கத்துக் கடையில் அவர் விரலை நீட்டி நிற்கும் படத்தைப் போட்டு அனுதாப பேனர் அடித்துக்கொண்டிருக்கிறார்களாம். ரேடியோக்காரர்கள் நீங்கள்தானே அறிவித்தீர்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். திரையில் நாலு என்று பெரிதாக இருந்தது.

மைக்கைத் திறந்து, தலைவர் நலமாக இருக்கிறார், ஒன்றும் இல்லை என்று சொல்லப் போனேன். ஃபாரூக் எட்டி மைக்கை மூடினார்.

"தலைவர் உசுரோட ஈக்கிறார்ன்டு ஒங்களுக்குத் தெரியுமா, அக்கா?"

தெரியாது. நெஞ்சு வலியோடு போன மனிதர். புருஷன் பெண்சாதி இரண்டு பேரிடமும் அப்போது போன் கிடையாது, இரவு முழுக்க எந்தச் செய்தியும் இல்லை. பிள்ளைகளே, நான் இத்தனை வருடத்தில் படித்த பாடங்களில் இதற்குத்தான் முதலிடம். தெரியாமல் சொன்ன ஒன்றைச் சரிசெய்ய, தெரியாமலே இன்னொன்றைச் சொல்லக்கூடாது. பயம் வந்தால் வாய் முந்தும். அப்போது மைக்கை மூட உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே மூட வேண்டும்.

தெரிந்ததை மட்டும் சொன்னேன். சற்று முன் போட்டது பழைய பதிவு, என் பிழையால் போனது, யாரைப் பற்றியும் எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்று சொன்னேன். இரண்டாம் தரமும் சொல்லி, ஃபாரூக் சிங்களத்திலும் சொல்லி, மூன்றாம் தரம் சொல்லும்போதுதான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். வாளிகளை மலையில் விட்டுவிட்டு ஆட்கள் வரிசையாக லயத்து வீடுகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தம் எங்கும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. நம்மிடம் சாவு என்றால் முதலில் செய்வது என்ன? ரேடியோவை அணைப்பது. நானே சாவு அடியைப் போட்டு, நானே என் கேட்பவர்களையெல்லாம் மரியாதையாக அணைக்க வைத்துவிட்டு, இப்போது ஆளில்லாத மலைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். எல்லாமே எங்கேஜ். தலைவர் போய்விட்டார் என்று ஒவ்வொருவரும் அட்டன் வரைக்கும் கொழும்பு வரைக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஃபாரூக்கின் மச்சான் ஒருவர் கேகாலை ஆஸ்பத்திரிக்கு முன்னால் பழக்கடை வைத்திருந்தார். அவரை வார்டுக்கு ஓட விட்டோம். காவலாளி விடவில்லை, பார்க்கும் நேரம் இல்லை என்றாராம். மச்சான் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, ஆர்டர் கொண்டுவந்ததாகச் சொல்லி நுழைந்துவிட்டார். அங்கிருந்தே பேசினார். தலைவரின் கட்டில் காலி.

ஃபாரூக் போனை என்னிடம் நீட்டினார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. மச்சானோ நிதானமாக ஒரு தாதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். நெஞ்சில் ஒன்றும் இல்லையாம், வாய்வாம். காலையிலேயே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புருஷனும் பெண்சாதியும் அப்போதே பஸ் ஏறிவிட்டார்களாம்.

நானும் ஃபாரூக்கும் ஸ்டூடியோவுக்குள் குதித்தோம். உண்மையிலேயே குதித்தோம், ஒரு ரப்பர் ஷீட் கழன்று விழுந்தது. குதித்து முடித்த பிறகு ஃபாரூக்கின் முகம் மாறியது.

"அக்கா, வாய்வோ என்னவோ, நேத்து நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போன மனுசன். இப்ப வந்து ரோட்டோரம் வெள்ளக் கொடியையும் தன்ட பேனரையும் கண்டா?"

இதுதான் நிலைமை. ஒரு பக்கம் அப்பா செத்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு மல்லிகா. இன்னொரு பக்கம் ஒன்றும் தெரியாமல் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் அப்பா. அவர் யட்டியாந்தோட்டையில் இறங்கி, கித்துல்கல பஸ்ஸில் மாறி, நம் சந்தியில் இறங்க வேண்டும். பஸ் நிலையத்தில் அவரைப் பிடித்து வைக்கச் சொல்லி ஃபாரூக் அண்ணனுக்குச் சொன்னார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது கித்துல்கல பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலோரத்தில் தலைவர். அண்ணன் கையை ஆட்டிக் கத்தினாராம். தலைவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாராம்.

இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. ஃபாரூக்கை மைக்கில் விட்டுவிட்டு நான் ரோட்டுக்கு ஓடினேன். வளைவில் சோமேயின் த்ரீவீல் நின்றது. பாண் ரொட்டியும் பனிஸும் ஏற்றிக்கொண்டு, ஸ்பீக்கரில் மெட்டுப் போட்டபடி லயம் லயமாக வரும் சூன் பாண்காரர். அன்று மெட்டை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு லயத்துக்கு விடச் சொன்னேன்.

"அனே அக்கே, மள கெதரக்கு முன்னுக்குப் பாட்டுப் போட ஏலாது நே. மனுசங்க எனக்கு அடிப்பாங்க" என்றார் சோமே.

சாவு வீடே இல்லை என்பதைச் சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி, சைகையில் மீதியாகச் சொல்லிப் புரிய வைத்தேன். புரிந்ததும் மனிதர் த்ரீவீலை விட்ட வேகத்தில் பின்னால் பனிஸ் தட்டெல்லாம் உருண்டது. ஸ்பீக்கரில் மைக் இருந்தது, ஆனால் மைக்குக்கும் மெட்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். மைக்கைப் போட்டால் மெட்டும் சேர்ந்துதான் வரும். ஆகவே, தலைவர் சாகவில்லை, பஸ்ஸில் வருகிறார், கொடியை அவிழுங்கள் என்று நான் கத்தியதெல்லாம் பாண் விற்கும் மெட்டோடு சேர்ந்தே போயிற்று. சாவு வீட்டு வாசலில் பாண் விற்க வந்த அநியாயக்காரியைப் பார்க்க லயமே வெளியே வந்தது. குழந்தைகள் பனிஸுக்குக் கை நீட்டின. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அம்மா தலைவரின் தாராள குணத்தில் பாதி சொல்லியிருந்தார், மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

மல்லிகா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பால் வாளி மடியில் இருந்தது, மலையிலிருந்து அதைக் கீழே வைக்காமலேயே கொண்டுவந்திருந்தாள். வாளியின் விளிம்பை விரலால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"மல்லிகா, அப்பா பஸ்ஸுல வர்றாரு. ஒன்னுமில்ல, வாய்வாம். அந்த அடி பழைய பதிவு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா. கட்டில்ல இல்ல, துண்டு வெட்டிட்டாங்க. வாய்வுதான்."

அவள் வாளியைப் பக்கத்தில் வைத்தாள். எழுந்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இந்த நிலையத்தில் நான் வேலை செய்த காலமெல்லாம் கேட்பவர்கள் எவ்வளவோ கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் முழுக்க நியாயமானது அந்த அறைதான். நானும் சேர்ந்து அழுதேன். சோமே மெட்டை நிறுத்த மறந்துவிட்டார்.

பிறகு எல்லோரும் சந்தியை நோக்கி ஓடினோம். இளைஞர்கள் கொடி கட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பள உயர்வு ஊர்வலத்துக்குக்கூட அப்படிக் கட்டியதில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரத்துக்கு மரம் வெள்ளைக் கொடி. அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. பாதிகூட அவிழ்க்கவில்லை, பஸ் வந்து நின்றுவிட்டது. கடைத்தெருவிலிருந்து வந்த பேனரை மட்டும் இரண்டு பேர் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

தலைவர் மருந்துப் பையோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி. கொடிகளைப் பார்த்தார், வேலை நேரத்தில் சந்தியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு போனது? எனக்கு ஏன் ஆள் அனுப்பல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தலைவர் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து ஒரு சாவை நீங்களாக நடத்த ஆரம்பித்துவிட்டீர்களா என்று விரலை நீட்டினார். பெட்டிக்குச் சொல்லியாச்சா, குழி வெட்ட யார் போனது, சங்கத்திலிருந்து மாலை வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். ஆட்களும் பழக்க தோஷத்தில், பெட்டிக்குச் சொல்லியாச்சு தலைவரே, குழிக்கு நாலு பேர் போயிருக்காங்க தலைவரே என்று பணிவாகப் பதில் சொன்னார்கள். கொடி பள்ளத்துப் பக்கம் தாழ்வாகக் கட்டியிருக்கிறது, பார்வையாக இல்லை என்று குறை சொன்னார். ஒருவன் போய் அவிழ்த்த கொடியைத் திருப்பி உயரமாகக் கட்டவே தொடங்கிவிட்டான். தன் சாவுக்கு அடித்து வைத்தது போதாதென்று, தன் இழவையும் நின்று நடத்திக்கொண்டிருந்தார் மனிதர். மல்லிகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவுக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார்.

இனித் தள்ள முடியாது. பஸ் தரிப்பிடத்து பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். ஒரு பனிஸைக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு வாய் கடிக்கும் வரைக்கும் பொறுத்தேன்.

"தலைவரே, யாரும் போகல. நான் நாலாம் நம்பரப் போட்டுட்டேன்" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கக்கத்தில் இருந்த பேனரை வாங்கி விரித்து, விரலை நீட்டி நிற்கும் தன்னையே பார்த்தார். பிறகு கை மெதுவாக நெஞ்சுக்குப் போயிற்று. உடம்பு முன்னால் சாய்ந்தது, தோள் குலுங்கியது. அவர் மனைவி ஐயோ என்று பாய்ந்து பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பனிஸ் தொண்டையில் சிக்கி, கண்ணில் தண்ணீர் வர, சந்தியே சேர்ந்து சிரிக்கும் வரைக்கும் சிரித்தார். ஒப்பாரி வைத்த அம்மா, தான் சொன்ன நல்ல குணத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

"அடி கேட்டுத்தானே வந்தீங்க? யாரு அடிக்கிறான்னு நெனச்சீங்க?"

கொடியை உயரமாகக் கட்டிய அந்த அப்பாவி உண்மையைச் சொன்னான். கீழ் டிவிசன் ஆட்கள் வந்து அடிக்கிறார்கள், அதை ரேடியோவில் விடுகிறார்கள் என்று நினைத்தோம் என்றான்.

தலைவரின் முகத்தில் சிரிப்பு ஒட்டுமொத்தமாக மறைந்தது. செத்ததாகச் சொன்னதை மன்னித்தார், கொடியை மன்னித்தார், பேனரைக்கூட மன்னித்தார். இதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"என் கைன்னு ஒருத்தனுக்குமா தெரியல?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே அடிச்சது யாருன்னு மொதல்ல சொல்லு, புஷ்பா. அப்புறம் போடு. பேரு சொல்லாமப் போட்டா, எவன் எவனோ அடிச்சதா ஆயிடும்."

விளையாட்டு என்று நான் நினைத்திருந்தது அன்றுதான் எனக்கே வேறு மாதிரித் தெரிந்தது. மொங்கோலியாவில் தொண்டை நோகப் பாடியவரும், ரபானைச் சூடுகாட்டி அடித்த பெண்களும், யாரோ ஒருவராக என் வாளியில் விழுந்து கலந்துபோனார்கள். மலையே என்னைக் கேட்கிறது என்று மிதந்தவள், அவர்கள் ஒருவரையும் மலைக்கு அறிமுகம் செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அறை வாங்கிய கன்னத்தைவிட அது அதிகமாக எரிந்தது.

அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். சிரட்டையில் பால் உறைகிறது, எல்லோரும் மலைக்கு ஏறுங்கள் என்று விரட்டினார். ஒரு மணி நேரத்தில் பாலை எடுத்து முடித்தார்கள், கொஞ்சம்தான் உறைந்து வீணானது. குழி வெட்டப் போன நாலு பேரை அழைத்துவர ஆள் அனுப்பினார். பேனரை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டார், மழைக்கு நன்றாகத் தாங்குகிறது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிலையத்துக்குத் திரும்பியபோது ஃபாரூக் இன்னும் மைக் முன்னால்தான் இருந்தார். ஒருவரும் கேட்காத அந்த மன்னிப்பை இரண்டு மொழியிலும் நாற்பது தரம் படித்திருந்தார், தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் பத்து மணிக்குத் தலைவரே வந்து வாளியைத் திறந்தார். தாம் உயிரோடு இருப்பதாக அறிவித்தார். பிறகு அந்த அட்டையை எழுத வைத்து, தன் கையாலேயே சுவரில் ஒட்டினார்.

அட்டையின் கதை இதுதான். இனி உங்களிடம் ஒப்படைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கன்சோல் மேசையின் இடது பக்க லாச்சியை இழுத்துத் திறந்தால் ஒரு நெருப்புப்பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கும் மெமரி சிப்பில் நாலாம் இலக்கம் மட்டும் இருக்கிறது. கணினியிலிருந்து அன்றே அழித்துவிட்டோம். பக்கத்தில் என் பழைய கண்ணாடியையும் வைத்திருக்கிறேன். அந்த நாள் வரும்போது நான் இருப்பேனோ இல்லையோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கத்தைப் பாருங்கள். கேட்பவர்களிடம் தலைவர் போன செய்தியைச் சொல்லுங்கள். பிறகு, அடிப்பது மேல் டிவிசன் பெருமாள் என்று அவர் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள். போட்டதும் மலையில் ஒவ்வொரு ரேடியோவாக அணைந்துவிடும், ஒரு போனும் வராது. பயப்படாதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். கடைசி அடி வரைக்கும் ஓடட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

அது இப்போதைக்கு இல்லை. இன்று காலை அவரே எனக்குப் போன் பண்ணினார், மாதம் ஒரு தரம் நாலாம் நம்பர் பத்திரமா என்று கேட்பது வழக்கம். புதிதாக மூன்று பேர் வந்திருப்பதைச் சொன்னேன். அவர்களில் யாருக்குத் தன் பெயரைச் சொல்லக் குரல் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு நிலையத்துக்கு வருகிறார், ஆளுக்கு ஒரு தரம் சொல்லிக் காட்ட வேண்டும். கீழ் டிவிசன் பிள்ளை யாராவது உங்களில் இருந்தால் அதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.